ஐந்து வகுப்புக்கு ஒரே அறை: மடுல்சீமைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குள் எட்டிப் பார்ப்போமா?

மடுல்சீமைக்கு வருகிறவர்கள் எல்லோரும் நேரே பிட்டமாருவைப் பக்கம் ஓடுகிறார்கள். சின்ன உலக முடிவு, காலுக்குக் கீழே மேகம், கூடாரம், கைபேசி நிறையப் படம்! அழகான இடம், மறுக்கவே மாட்டேன். ஆனால் இன்றைக்கு உங்கள் கையைப் பிடித்து நான் இழுத்துக்கொண்டு போகப்போவது வேறோர் இடத்துக்கு. அந்த மேகத்தைவிட எனக்கு இதுதான் பெரிய அதிசயம்.

ரோபேரி, பட்டாவத்தை, கொக்காகலை என்று இந்தப் பக்கத்துத் தோட்டங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே வாருங்கள். லயம், பெரட்டுக் களம், பிள்ளை மடுவம், கோயில், ஸ்டோரு. இவற்றுக்கு நடுவில் எங்கோ ஓரிடத்தில் அந்தக் காலத்தில் ஒரு நீளமான ஒற்றை அறை நின்றிருக்கும். மேலே தகரம். இடுப்பு உயரத்துக்குச் சுவர், அதற்கு மேல் வெறும் காற்று. உள்ளே தடுப்பு கிடையாது. ஐந்து வகுப்பு, பெரும்பாலும் ஒரே ஒரு வாத்தியார். தோட்டத்துப் பள்ளிக்கூடம்! அதன் முன்வாசல் கதை எல்லோருக்கும் தெரியும்: ஏழைப் பிள்ளைகள், வசதி இல்லை, ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோன படிப்பு. நாம் பின்வாசலால் நுழைவோம். சரக்கு அங்கேதான் இருக்கிறது.

முதலில் 1869-க்குப் போக வேண்டும். அப்போது இந்த மலையில் தேயிலை கிடையாது, காப்பிதான். இலங்கைக் காப்பியைக் குடிமுழுகச் செய்த இலை நோய் முதன்முதலாகக் கண்ணில் பட்டது எங்கே தெரியுமா? இதே மடுல்சீமைத் தோட்டங்களில்! இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி. அடுத்த இருபது வருடத்துக்குள் நாட்டின் காப்பியே போய்விட்டது. அதே 1869-ல்தான் கொழும்பில் பொதுப் போதனைத் திணைக்களம் என்று கல்விக்கென ஓர் அரசாங்கக் கந்தோர் பிறந்தது. ஒரே வருடத்தில் இரண்டும். ஆனால் அந்தக் கந்தோரின் பார்வை இந்த லயங்கள் வரைக்கும் ஏறி வர இன்னும் முப்பது நாற்பது வருடம் எடுத்தது.

அதுவரைக்கும் இங்கே படிப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்தார்கள். பெரிய கங்காணி வீட்டு முன்தாழ்வாரம், கோயில் வாசல், ஒரு மரத்தடி. எழுத்தறிந்த ஒருவர் உட்காருவார். வேலை விட்டு வந்த பொடியன்கள் சுற்றி உட்காருவார்கள். தரையில் மணலைப் பரப்பி விரலால் 'அ' எழுதுவார்கள். எழுதி முடித்ததும் உள்ளங்கையால் தடவினால் அடுத்த எழுத்துக்கு இடம் தயார். காகிதம் வேண்டாம், மை வேண்டாம், காசே வேண்டாம்! பிறகு ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி. மத்திய மலைநாட்டில் 1854-லேயே தமிழ்க் கூலி மிஷன் தொடங்கி, திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார்கள் வந்து, சில தோட்டங்களில் பள்ளியும் நடத்தினார்கள். ஆனால் பரந்து கிடந்த தோட்டங்களுக்கு அது கடுகளவு.

அந்த மணலைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்துதான் இந்தக் கதையின் மிகப் பெரிய இரகசியம் கிளம்புகிறது. இப்போது நேரே சென்னை எழும்பூருக்குப் பாய்கிறோம்!

1789. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், எழும்பூரில் இராணுவத்தார் பிள்ளைகளுக்கான ஆண்கள் அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்கிறார். ஆசிரியர்கள் சரியில்லை, பிள்ளைகள் எழுத்துக் கூட்டவே மாதக்கணக்கில் தவிக்கிறார்கள். ஒரு நாள் வழியில் ஒரு தமிழ்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மனிதருக்குப் பொறி தட்டிவிட்டது! விடுதிக்கு வந்து இப்படிச் சொல்லிக்கொடுங்கள் என்றார். பெரிய ஆசிரியர்கள் முடியாது என்று கையை விரித்தார்கள். உடனே பெல், ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பையன் ஜெயித்தான். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது நம் திண்ணையில் ஏற்கெனவே இருந்த வழக்கம். சட்டாம்பிள்ளை என்று நாம் சொல்லும் அந்தப் பதவி அப்படியே கப்பலேறப் போகிறது.

1797-ல் பெல் இலண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1811-ல் ஆங்கிலத் திருச்சபையார் தேசியச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி, இங்கிலாந்தின் கிராமம் கிராமமாகப் பள்ளி திறந்தார்கள். அதுவரை அந்தக் கிராமங்கள் பலவற்றில் படிப்பு என்றால் ஒரு கிழவி தன் வீட்டு அடுப்படியில் நாலு பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதுதான். இப்போது மாதாகோயிலுக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட அறை, ஓர் ஆசிரியர், ஒரு கூட்டம் சட்டாம்பிள்ளைகள், சின்னப் பிள்ளைகளுக்கு மணல் பலகை! ஆங்கிலேய விவசாயக் கூலியின் மகன் தன் முதல் எழுத்தைத் தமிழ்ப் பிள்ளையின் முறையில் மணலில் எழுதினான். இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இன்றைக்கும் இதைச் சொல்லும்போது குரல் உயர்ந்துவிடுகிறது.

ஏனென்றால் அடுத்த திருப்பத்தைப் பாருங்கள். நூறு வருடம் கழித்து அதே இங்கிலாந்து, அதே நீண்ட ஒற்றை அறையைச் சட்டமாக எழுதி மடுல்சீமைக்கு அனுப்பியது!

அந்தச் சட்டம் பிறந்த கதையும் திரைக்குப் பின்னால்தான் நடந்தது. ஆர்தர் கோர்டன் என்ற ஆளுநர் இருந்தார். மடுல்சீமை இருக்கும் ஊவாவை 1886-ல் தனி மாகாணமாக ஆக்கியது அவர் காலத்தில்தான். பதவி முடிந்து ஊர் திரும்பி, ஸ்டன்மோர் பிரபு என்று பட்டம் பெற்று உட்கார்ந்த பிறகு, 1900-களின் தொடக்கத்தில் தோட்டப் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆயிற்று என்று காலனி அமைச்சைக் கேட்டுக் குடைந்தார். இலண்டன் கேட்டால் கொழும்பு பதில் சொல்லியே ஆக வேண்டும். எஸ். எம். பரோஸ் என்ற அதிகாரி 1904 வாக்கில் அறிக்கை எழுதினார். 1905-ல் ஹெர்பர்ட் வேஸ் தலைமையில் ஓர் ஆணைக்குழு கூடியது. தோட்டத் துரைமார்கள் பயந்தார்கள். எழுத்துத் தெரிந்தவன் கொழுந்து பறிக்க வருவானா என்பதுதான் அந்தப் பயத்தின் அடிவேர். கட்டாயம் வேண்டாம், நாங்களாகப் பார்த்துச் செய்கிறோம் என்று வாதாடினார்கள்.

கடைசியில் 1907-ம் ஆண்டின் 8-ம் இலக்கக் கிராமப் பாடசாலைச் சட்டம் வந்தது. தோட்டத்துப் பெரிய துரை, 6 வயது முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்க வேண்டும், அதற்கு ஓர் அறையை ஒதுக்கிப் பழுதுபார்த்து வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். 6 முதல் 10! அதே 1907-ல் இங்கிலாந்துக் கிராமத்துப் பிள்ளை பொதுவாக 12 வயது வரை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும் என்பது சட்டம். கடலுக்கு இந்தப் பக்கம் வந்ததும் இரண்டு வருடம் கரைந்துபோனது. இந்த அநியாயத்தை மட்டும் என்னால் துள்ளலோடு சொல்ல முடியவில்லை. 1920-ன் கல்விச் சட்டம் பிடியைக் கொஞ்சம் இறுக்கியது. ஆனாலும் பள்ளிக்கூடம் அரசாங்கத்துடையதாக ஆகவில்லை. கட்டடம் துரையினது, வாத்தியாரின் சம்பளமும் தோட்டத்தினது.

சரி, கதவைத் திறப்போம். 1930 வாக்கில் ஒரு வேலை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடியும் முன்னே தப்புச் சத்தம். பெரட்டுக் களத்தில் கங்காணி ஆள் பிரிக்கிறார். பனி மலையை விட்டு இறங்கவில்லை. கைக்குழந்தை பிள்ளை மடுவத்துக்கு, கூடை அம்மாவின் முதுகுக்கு. அடுத்த பிள்ளை எங்கே போவது? அங்கேதான் ஒவ்வொரு நாளும் போராட்டம். மலையில் புல் வெட்டவும் சில்லறை வேலைக்கும் பொடியன்கள் வேண்டும். 1927-ன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி, பிள்ளைக்கு ஒரு கூலி என்று மூன்று கூலிக்கு வழி வைத்திருந்தது. பிள்ளைக்கும் பேர் விழும் என்றால், கடனில் இருக்கும் வீட்டுக்கு அந்தக் காசு சும்மாவா? பெண் பிள்ளை என்றால் தங்கச்சியைப் பார்க்க, தண்ணி எடுக்க, சோறு ஆக்க.

அதனால் வாத்தியாரின் முதல் வேலை பாடம் அல்ல, பிள்ளை பிடிப்பது! பெரிய பையன்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு லயம் லயமாகப் போவார். எத்தனையோ காம்பரா வாசல்களில் இந்தப் பேச்சு நடந்திருக்கும்:

"என்னாம்மா, ராசாத்திய மூணு நாளா காணோம்?"

"கைப்பிள்ளைக்குக் காச்சலுங்க ஐயா. மடுவத்துல விட முடியலைங்க. அவதான் தூக்கி வச்சிருக்கா. நாளைக்குக் கண்டிப்பா அனுப்புறேங்க."

"தம்பியத் தூக்கிக்கிட்டே வரச் சொல்லு. அவனும் உக்காரட்டும்."

இப்படித்தான் வகுப்புக்குள் கைக்குழந்தைகளும் வந்தன. உள்ளே பாருங்கள்! ஒரு மூலையில் அரிவரிப் பிள்ளைகள் மணலில் விரல் ஓட்டுகிறார்கள். அடுத்த வரிசை சிலேட்டில் 'அம்மா' எழுதுகிறது. மூன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டை உரக்கச் சொல்கிறது. நாலும் ஐந்தும் வாசகப் புத்தகத்தை ஆளுக்கொரு பந்தியாக வாசிக்கின்றன. வாத்தியார் யாழ்ப்பாணத்தவர் என்றால் பெட்டியில் நாவலரின் பாலபாடம் இருக்கக்கூடும், தமிழ்நாட்டவர் என்றால் அங்கிருந்து கொண்டுவந்த வாசகம். ஐந்து வகுப்பின் சத்தமும் ஒரே தகரத்தில் மோதித் திரும்புகிறது. ஊவாவில் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்தால் அந்தத் தகரத்துக்குக் கீழே யார் பேசினாலும் கேட்காது, பார்த்தெழுதச் சொல்லிவிட வேண்டியதுதான். வாத்தியார் எப்படிச் சமாளித்தார்? சட்டாம்பிள்ளையால்! ஐந்தாம் வகுப்புப் பையன் அரிவரிக்குக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எழும்பூருக்குப் போய், இங்கிலாந்துக் கிராமங்களைச் சுற்றி, அந்த முறை தன் சொந்தப் பிள்ளைகளிடம் மடுல்சீமையில் வந்து நிற்கிறது. மரத்தடியிலிருந்து நேரே வந்ததா, சட்டத்தோடு வந்ததா என்று பிரிக்கவே முடியாது. இரண்டு வழியும் இந்த அறையில்தான் சந்திக்கின்றன.

மேசைக்கு வாருங்கள். இங்கேதான் எனக்குப் பிடித்த பொக்கிஷங்கள் இருக்கின்றன. மூன்று புத்தகம். முதலாவது சேர்விடாப்பு: பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம். இரண்டாவது வரவு இடாப்பு. மூன்றாவது லொக் புத்தகம், இன்றைய பேச்சில் சம்பவத் திரட்டு.

லொக் புத்தகத்தின் ஊர் எது தெரியுமா? அதுவும் இங்கிலாந்துதான். 1862-ல் ராபர்ட் லோ என்ற அமைச்சர், பிள்ளைகளின் வருகையையும் பரீட்சையில் அவர்கள் தேறுவதையும் பார்த்துத்தான் பள்ளிக்குப் பணம் என்று ஒரு விதி கொண்டுவந்தார். பள்ளியில் நடப்பதைத் தலைமையாசிரியர் ஒரு புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அந்தக் கிராமத்துப் புத்தகங்களைப் புரட்டினால் அறுவடைக்குப் போனார்கள், பியருக்குப் போடும் ஹொப்ஸ் பூ பறிக்கப் போனார்கள், பனி, காய்ச்சல், வகுப்பில் ஆள் இல்லை என்று பக்கம் பக்கமாக இருக்கும். தேறினால்தான் பணம் என்ற அதே ஏற்பாடு 1870-ல் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. கென்ட் மாவட்டத்து வாத்தியாருக்கு ஹொப்ஸ் பருவம் எப்படியோ, மடுல்சீமை வாத்தியாருக்குக் கொழுந்துப் பருவம் அப்படி. மலை தளிர்த்தால் வகுப்பு காலி!

இன்ஸ்பெக்டர் வரும் நாள் தனித் திருவிழா. முதல் நாளே சாணம் தெளித்து மெழுகி, வாசலில் மாவிலைத் தோரணம். பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை சீவி, நெற்றியில் திருநீறு. சமயத்தில் துரையே கூட வந்து நிற்பார். வாத்தியாரின் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும், ஏனென்றால் இன்றைக்குப் பரீட்சை அவருக்கு. நல்ல கெட்டிக்காரப் பிள்ளையை முன் வரிசையில் உட்கார வைப்பது எல்லா நாட்டு வாத்தியார்களுக்கும் தெரிந்த வித்தை.

சாயந்தரம் வேறு நாடகம். பள்ளி விட்டதும் வாத்தியாரின் இரண்டாவது உத்தியோகம் தொடங்குகிறது. ஊருக்குக் கடிதம் எழுத வேண்டியவர்கள் வாசலில் வரிசை. ஊரிலிருந்து வந்த கடிதத்தை வாசிக்கச் சொல்பவர்கள் இன்னொரு வரிசை. யார் வீட்டில் கல்யாணம், யாருக்குக் கடன், யாருடைய அம்மா தவறிப்போனாள், எல்லாம் முதலில் தெரிவது அவருக்குத்தான். வேறு தோட்டத்துக்குப் போகப் பற்றுச்சீட்டு வேண்டும் என்றால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று காட்ட வருவார்கள். மாசி மாதம் காமன் கூத்து ஒத்திகை என்றால் பாட்டு ஏட்டை வாசித்துக் கொடுக்கவும் அவர் வேண்டும். 1930-ல் வீரகேசரி வரத் தொடங்கிய பிறகு, ஒரு பேப்பரை ஒருவர் வாசிக்க முப்பது பேர் கேட்டார்கள். எழுத்தைக் கண்டு துரைமார்கள் பயந்தது வீண் பயமில்லை. இருபது வருடத்துக்குள் தொழிற்சங்கம் வந்தது, சந்தாச் சீட்டு வந்தது, மனு எழுதும் கை தேவைப்பட்டது. அந்தக் கை இந்த அறையில்தான் மணலில் பழகியிருந்தது!

ஊவாவின் இந்த அறைகள் எதைத் தந்தன என்று யாராவது கேட்டால் ஒரு பெயரை முதலில் வைப்பேன். தெளிவத்தை ஜோசப். 1934-ல் பதுளைக்குப் பக்கத்து ஹாலி-எலயில், ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தகப்பனார் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார்! வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு, 'காலங்கள் சாவதில்லை' நாவலையும் 'நாமிருக்கும் நாடே' கதைகளையும் எழுதினார். 2013-ல் விஷ்ணுபுரம் விருது தமிழ்நாட்டிலிருந்து அவரைத் தேடி வந்தது. 2022-ல் காலமானார். கதைக்குள் லயத்து வாழ்க்கை அத்தனை கிட்டத்தில் தெரிந்ததற்கு, வாத்தியார் வீட்டு வாசலில் வளர்ந்ததும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிறகு வந்தது நீண்ட காத்திருப்பு. 1945 அக்டோபரில் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. மழலையர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை! தோட்டப் பள்ளிகளோ துரைமாரிடமே கிடந்தன. 1947-ல் அவற்றை அரசாங்கத்துக்குள் கொண்டுவரச் சட்டத்தில் இடம் வைத்தார்கள், ஆனால் மிகச் சிலவே போய்ச் சேர்ந்தன. 1948-ல் தோட்டத் தமிழரின் குடியுரிமையே பறிபோனது. 1960, 61-ல் நாட்டின் உதவிபெறும் பள்ளிகளை அரசு எடுத்தபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியே நின்றன. 1964-ல் தோட்டத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பும் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பதுளைக் கோச்சியில் ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் மறைந்தான். ஒப்பாரிக் கோச்சி என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. சேர்விடாப்பில் 'விலகிய காரணம்' என்ற அந்தக் கடைசிக் கட்டத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். ஒரு சமூகம் இரண்டாகப் பிளந்த கதைக்கு அரசாங்க ஆவணங்களில் அவ்வளவு சின்ன இடம்தான் இருந்தது.

தோட்டங்கள் 1972-லும் 1975-லும் அரசுடைமை ஆன பிறகு, 1977 தொடங்கித்தான் பள்ளிகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. 1907-லிருந்து எண்ணினால் எழுபது வருடம். அதன் பிறகு வேகம் பிடித்தது. சுவீடனின் சீடா நிறுவனத்தின் உதவியில் புதுக் கட்டடங்கள் எழும்பின. தோட்டத்துப் பிள்ளைகளே ஆசிரியர் நியமனம் பெற்றார்கள். 1992-ல் கொட்டகலைக்குப் பக்கத்தில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி திறந்தது. இன்றைக்கு மடுல்சீமையிலேயே தமிழ் மகா வித்தியாலயம் இருக்கிறது. பசறையில் தேசியப் பாடசாலை, பதுளையில் சரஸ்வதி. ஐந்தாம் வகுப்புக்கு மேல் போக வழியில்லாத மலையிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகள் போகிறார்கள்.

ஆனால் அந்த மூன்று புத்தகங்கள்? அவைதான் என் கவலை. இங்கிலாந்தில் கிராமத்துப் பள்ளி லொக் புத்தகங்களை மாவட்ட ஆவணக் காப்பகங்களில் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். தன் பாட்டன் எந்த வாரம் அறுவடைக்குப் போய்ப் பள்ளியை விட்டான் என்று ஒரு பேரன் இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். நம்முடையவை தகரப் பெட்டியிலும், பழைய அலுமாரியின் மேல் தட்டிலும், கரையானோடும் ஈரத்தோடும் கிடக்கின்றன. கட்டடம் மாறியபோது கழிவுக் காகிதமாகப் போனவை எத்தனையோ. லயத்தில் பிறந்த பலருக்கு, தங்கள் பெயர் முதன்முதலாக ஒரு காகிதத்தில் முழுதாக எழுதப்பட்ட இடம் அந்தச் சேர்விடாப்பு. தமிழ்நாட்டுக்குப் போய்விட்ட குடும்பங்களுக்கு, மலையில் தாத்தா இருந்தார் என்பதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சியாகவும் அது இருக்கலாம்.

அதிபர்மாரே, ஆசிரியர்களே, பழைய மாணவர்களே, தோட்டத்துக் கந்தோரில் வேலை பார்ப்பவர்களே! 1977-க்கு முந்திய இடாப்போ லொக் புத்தகமோ கண்ணில் பட்டால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்று பக்கம் ஒட்டிப்போகும். அதிபரின் அனுமதியோடு ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் கைபேசியில் படம் எடுங்கள். எந்தப் பள்ளி, எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று கூடவே எழுதி வையுங்கள். நூலகம் நிறுவனம் போல இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்துகிறவர்களிடம் சொல்லுங்கள். ஊவாவில் ஐப்பசியில் மழை பிடித்துவிடும். அதற்கு முன்னால் அந்த அலுமாரியைத் திறந்து பாருங்கள்.